முதல் தடவை காமிகெட் போகிறவர்களுக்கு

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். அவரும் நண்பரும் பள்ளி நாளிலிருந்தே அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்ப்பவர்கள். வரும் ஆகஸ்டில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து டோக்கியோ போய், அங்கே நடக்கும் காமிகெட் என்கிற ரசிகர் புத்தகச் சந்தையின் இரண்டு நாளும் காலையிலேயே உள்ளே புகுந்துவிட வேண்டும் என்று ஆசை. ஜப்பானிய மொழி எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத் தெரியும். எப்படித் திட்டமிடுவது?

டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு வேண்டியது காமிகெட்தானா? பெரிய அனிமே விழா என்றாலே இந்தப் பெயர்தான் எல்லோர் வாயிலும் வருகிறது. ஆனால் குரல் நடிகர்களை மேடையில் பார்க்க வேண்டும், புதுத் தொடர் அறிவிப்புகளை நேரில் கேட்க வேண்டும், ஸ்டூடியோக்களின் அரங்குகளைச் சுற்றி வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், மார்ச் மாதம் நடக்கும் அனிமேஜப்பானுக்குப் போங்கள். அதுவும் காமிகெட் நடக்கும் அதே டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில்தான், 2014 முதல் நடக்கிறது. ஷோனென் ஜம்ப் காமிக்ஸ் இதழின் தொடர்கள் மட்டும் போதும் என்றால் டிசம்பரில், டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் ஜம்ப் ஃபெஸ்டா இருக்கிறது. கையால் செதுக்கி வார்த்த கதாபாத்திரப் பொம்மைகள்மேல் பைத்தியம் என்றால் அதே மகுஹாரியில் வொண்டர் ஃபெஸ்டிவல். கலந்துரையாடல், கதாபாத்திரம் போல வேடமிடும் காஸ்ப்ளே போட்டி, கடைகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும் அனிமே எக்ஸ்போதான் பொருத்தம்.

காமிகெட் வேறு ரகம். அது ஒரு சந்தை. ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்த டோஜின்ஷி புத்தகங்களை மற்ற ரசிகர்களுக்கு விற்கிற இடம். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் ஒரு சின்னக் கூடத்தில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கியது. இந்தக் குழுக்களைத்தான் அங்கே ‘சர்க்கிள்’ என்கிறார்கள். ஒரே ஆள் இருந்தாலும் அது சர்க்கிள்தான். இப்போது ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கிள்கள் கடை போடுகின்றன. இரண்டு நாளில் இரண்டரை முதல் மூன்று லட்சம் பேர் வந்து போகிறார்கள். 2019 டிசம்பரில் நான்கு நாள் நடந்தபோது ஏழரை லட்சம். மாங்கா வரையும் கிளாம்ப் குழுவும் வீடியோ கேம் தயாரிக்கும் டைப்-மூன் நிறுவனமும் இப்படி டோஜின் சர்க்கிள்களாக ஆரம்பித்தவைதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியர்களும் தன்னார்வலர்கள். அங்கே யாரும் வாடிக்கையாளர் இல்லை, எல்லோரும் பங்கேற்பாளர்கள் என்பது காமிகெட்டின் பழைய கொள்கை. இதை மனதில் வைத்துக்கொண்டால் அங்குள்ள பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும்.

ஆகவே என் முதல் ஆலோசனை: எந்தச் சர்க்கிளின் புத்தகத்தை வாங்கப் போகிறோம் என்று பத்துப் பெயராவது சொல்ல முடியாவிட்டால், இரண்டு நாள் காலை டிக்கெட் வேண்டாம். ஒரு நாள், மதிய நுழைவு. அது போதும்.

ஏன் என்று சொல்கிறேன். நுழைவு மூன்று வகை. எல்லோருக்கும் முன்னால் உள்ளே விடும் முன்நுழைவு டிக்கெட்தான் விலை கூடியது, அதுவும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். அடுத்தது காலை நுழைவு. கடைசியில் மதிய நுழைவு, அதுதான் மலிவு. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும்; சில வகைகள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டையாகவே வரும். சமீப காலமாகக் காலை 10:30 மணிக்குத் திறக்கிறார்கள், சர்க்கிள்கள் மாலை 4 மணியோடு மூடிவிடும். காலை டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே வந்து, கட்டடத்துக்கு வெளியே, கூரை இல்லாத வெட்டவெளியில், தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பெயர் பெற்ற சர்க்கிளின் புதுப் புத்தகம் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறவருக்கு அந்தத் தவம் தேவை. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு? மதியம் போனால் வெளி வரிசை வேகமாக நகரும், உள்ளே மூச்சுவிட இடம் இருக்கும், மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கும் இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். ஒன்றே ஒன்று, இரண்டு மணிக்கு மேல் பல சர்க்கிள்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். மதிய டிக்கெட்தானே என்று மூன்று மணிக்கு ஆடி அசைந்து போய் நிற்காதீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் பழைய அனுபவக் குறிப்புகளை நம்ப வேண்டாம். 2019 கோடைக்கு முன்புவரை உள்ளே போகக் காசே கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். அந்தக் காலத்தில் எழுதியவை இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விற்பனை முறையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. அதிகாரபூர்வத் தளத்தில் வெளிநாட்டவர்களுக்கு ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. தேதி அறிவித்ததும் அதை ஒரு முறை, விற்பனை தொடங்கும் முன் இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்தது, ஆகஸ்ட். உங்கள் விடுப்பு அப்போதுதான் என்றால் சரி, வேறு வழியில்லை. மாற்ற முடியும் என்றால் டிசம்பரில் நடக்கும் குளிர்காலக் காமிகெட்டுக்கு மாற்றுங்கள். கோடைக் காமிகெட் ஆகஸ்ட் நடுவில் வரும். டோக்கியோவில் அப்போது வெயில் 35 டிகிரியைத் தொடும், கடற்கரை ஓரம் என்பதால் புழுக்கம் வேறு. ‘நாங்கள் பார்க்காத வெயிலா’ என்று நினைப்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது அங்கேதான். நாம் வெயிலில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் உச்சி வெயிலில் நிழலுக்கு ஒதுங்கி வளர்ந்தவர்கள். அங்கே ஒதுங்க இடம் கிடையாது. முன்னும் பின்னும் ஆள், நடுவில் நீங்கள், மூன்று மணி நேரம். 2013 கோடையில் அரங்கத்துக்குள் கூட்டத்தின் வியர்வை ஆவியாகிக் கூரைக்குக் கீழே மேகம் போலத் தேங்கி நின்றது. ‘காமிகெட் மேகம்’ என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

போவதென்று முடிவானால்: தொப்பி கட்டாயம். குடை வேண்டாம், நெருக்கமான வரிசையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது குடிக்க இருக்கட்டும், அதில் பாதி போகாரி ஸ்வெட் மாதிரி உப்புச் சத்துள்ள பானமாக இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஜப்பானில் எந்தக் கடையிலும் கோடையில் உப்பு மிட்டாய் கிடைக்கும், ஒரு பொட்டலம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவு நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மயங்கி விழுகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் செய்யாதவர்கள். தலை சுற்றினால் வரிசையை விட்டு வர மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஊழியரைக் கூப்பிடுங்கள், முதலுதவி அறை இருக்கிறது.

குளிர்காலக் காமிகெட் வருடக் கடைசி நாட்களில் வரும். டோக்கியோ வளைகுடாவிலிருந்து வீசும் காற்று எலும்பைத் துளைக்கும் என்பது உண்மை. ஆனால் குளிருக்கு மேலே மேலே உடுத்திக்கொள்ளலாம், ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொதிகள் கடைக்குக் கடை கிடைக்கும். வெயிலுக்குத் தோலையா உரித்துப் போட முடியும்? ஒரு குறை, ஜனவரி முதல் மூன்று நாள் பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். அதனால் சுற்றிப் பார்க்கிற வேலையைக் காமிகெட்டுக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டுமே ஜப்பானியர் ஊருக்குப் போகிற பண்டிகைக் காலம். ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன், டிசம்பரில் புத்தாண்டு. விமானக் கட்டணம் ஏறும், ஓட்டல் விலை ஏறும். கியோட்டோ, ஒசாகா போவதாக இருந்தால் ஷின்கான்சென் அதிவேக ரயிலை முன்பதிவு செய்யுங்கள். இந்த நாட்களில் நொசோமி ரயில்களில் எல்லா இருக்கையும் முன்பதிவு மட்டும்தான், வந்து ஏறி இடம் பிடிக்க முடியாது.

தங்குமிடம் பற்றி நிறைய யோசிக்க வேண்டாம். பிக் சைட்டைச் சுற்றியுள்ள அரியாகே ஓட்டல்கள் வெகு சீக்கிரம் நிறைந்துவிடும், கிடைத்தாலும் விலை அதிகம். ஷிம்பாஷி, தோயோசு பக்கம் தங்கினால் யூரிகமோமே ரயில் நேராகப் பிக் சைட் வாசலில் விடும். ஷின்ஜுகு, ஷிபுயா, இகேபுகுரோ பக்கம் என்றால் சைக்யோ லைனில் ஏறி, அப்படியே ரின்காய் லைனாகத் தொடரும் வண்டியாகப் பார்த்து, கொகுசாய்-தென்ஜிஜோ நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடை தூரம். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வைத்திருந்தாலும் ரின்காய் லைனில் செல்லாது, ஒசாகி நிலையத்துக்கு அப்பால் தனிக் கட்டணம். ரயில் கட்டணத்துக்கான சுயிகா அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்து முதல் நாளே பணம் ஏற்றிவிடுங்கள். சாயங்காலம் அந்த நிலையத்தில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் வரிசை, நாள் முழுக்க நின்ற வரிசைகளுக்கு அண்ணன். அப்புறம், ராத்திரியே போய் வாசலில் படுத்து இடம் பிடிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். இரவுக் காத்திருப்புக்குத் தடை இருக்கிறது.

இனி நிஜமான வேலை. வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. காமிகெட்டுக்கு ஒரு கேட்டலாக் உண்டு. அச்சில் அது தொலைபேசிப் புத்தகம் போலத் தடிமனாக இருக்கும், இணைய வடிவமும் இருக்கிறது. ஒவ்வொரு சர்க்கிளுக்கும் தபால்தலை அளவில் ஒரு சின்னப் படம், கூடவே இடக் குறியீடு. குறியீட்டை வாசிக்கப் பழகுங்கள்: எந்த நாள், கிழக்கா மேற்கா தெற்கா, எந்த எழுத்து வரிசை, எந்த எண், கடைசியில் சின்ன ஏ அல்லது பி. ஒரே மேசையை இரண்டு சர்க்கிள்கள் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதால் இந்த ஏ, பி. ஒரு தொடருக்கான ரசிகர் புத்தகங்கள் எல்லாம் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருக்கும். எந்த நாள் டிக்கெட் வாங்குவது என்பதை இதுதான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பிடித்த தொடர் முதல் நாளில் இருக்கும்போது இரண்டாம் நாள் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

கூட்டம் அதிகம் வரும் சர்க்கிள்களை அரங்கின் சுவரோரம் வைப்பார்கள், வரிசையை ஷட்டர் வழியாக வெளியே விடுவதற்கு வசதியாக. சுவரோரச் சர்க்கிள் ஒன்றுக்கே அரை நாள் போகலாம். ஆகவே பட்டியலில் சுவரோரம் ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் வேண்டாம், மற்றதெல்லாம் நடு அரங்கில் இருக்கட்டும். நிகழ்வுக்குச் சில நாள் முன்பு சர்க்கிள்கள் எக்ஸ் தளத்திலும், ஓவியர்கள் படம் போடும் பிக்ஸிவ் தளத்திலும் விலைப்பட்டியலைப் படமாகப் போடும். அதைச் சேமித்து, இடக் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆம், தாளில்தான். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் குவிந்தால் கைபேசி இணையம் நொண்டும்.

நிறுவனங்களின் அரங்குகளும் உண்டு. அங்கே விற்கும் பொருள்களுக்கு வரிசை மிக நீளம். அதில் பலவற்றைப் பின்னால் இணையத்திலும் விற்பார்கள். முதல் தடவை போகிறவர் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பதே உத்தமம் என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக விமர்சனமும் தகவலும் என்று ஒரு பிரிவும், ரயில், பயணம், ராணுவம் ஆகியவற்றுக்கு இன்னொரு பிரிவும் இருக்கின்றன, அவற்றில் ஒரு சுற்று சுற்றுங்கள். சாப்பாடோ ரயிலோ, எதன்மேல் பித்து இருந்தாலும் அதைப் பற்றி ஆராய்ந்து புத்தகம் போட்டவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கதை புரியாத புத்தகத்தைவிட, படமும் வரைபடமுமாக இருக்கிற இவை மொழி அரைகுறையாகத் தெரிந்தவருக்கு உதவும்.

பணம் ரொக்கமாக, சில்லறையாக. விலை பெரும்பாலும் 500, 1,000 யென் என்று வட்டமாக இருக்கும். 500 யென் நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும் கையில் இருந்தால் ராஜா. பத்தாயிரம் யென் தாளை நீட்டினால் பாவம், அந்த ஆள் மீதிக்கு எங்கே போவார்? சுயிகாவில் ஆயிரம் யென் ஏற்றப் பத்தாயிரம் தாளைப் போட்டால் இயந்திரம் மீதியைச் சில்லறையாகத் தரும், இது அங்கே எல்லோரும் செய்யும் வேலை. மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பும் வையுங்கள். புத்தகம் ஒவ்வொன்றும் மெல்லியதுதான், முப்பது சேர்ந்தால் தோள் இறங்கிவிடும், விமானத்தில் எடை வேறு.

உள்ளே நடக்கும் விதம். ஒரு சர்க்கிளுக்கு வரிசை இருந்தால், கடைசியில் நிற்பவர் கையில் ஒரு பலகை இருக்கும், ‘இதுதான் கடைசி’ என்று. நீங்கள் போய், “மொச்சிமாசு”, அதாவது நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவர் பலகையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொள்வார். இப்போது கடைசி ஆள் நீங்கள். தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், அடுத்தவர் வந்ததும் கொடுத்துவிடுங்கள். சில நேரம் நடைபாதைக்கு வழிவிட வரிசையை நடுவில் வெட்டி, மீதியை வேறு இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். வெட்டிய இடத்தில் நிற்பவர் ‘இது கடைசி இல்லை’ என்கிற பலகையோடு நிற்பார். அவசரத்தில் பார்த்தால் இரண்டு பலகையும் ஒன்று போலவே இருக்கும். நுழைந்து நின்றுவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் அத்தனை கண்ணும் உங்கள்மேல் இருக்கும். ஓடக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி.

மேசைக்கு வந்ததும் மாதிரிப் பிரதி வைத்திருப்பார்கள். “மிதே மோ ஈதெசுகா” என்று கேட்டுவிட்டுப் புரட்டுங்கள். பிடித்தால் “ஷின்கான் இஸ்ஸத்ஸு குதசாய்”, புதுப் புத்தகம் ஒன்று கொடுங்கள். பிடிக்காவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிட்டு நகரலாம், தப்பில்லை. அனுமதி இல்லாமல் மேசையையோ புத்தகத்தையோ படம் எடுக்காதீர்கள். வயது வந்தோருக்கான புத்தகங்களும் சாதாரணமானவற்றோடு கலந்தே இருக்கும். வயதுச் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஜப்பானில் தடையில்லாமல் விற்பது உங்கள் நாட்டுச் சுங்கத்தில் பெரிய வம்பாகலாம். வாங்கும் முன் யோசியுங்கள், சந்தேகமாக இருந்தால் எடுத்து வராதீர்கள்.

காஸ்ப்ளே செய்ய ஆசை இருந்தால்: ஓட்டலிலிருந்தே உடுத்திக்கொண்டு வரக் கூடாது, போகும்போதும் கூடாது. பதிவு செய்து, அங்குள்ள உடைமாற்றும் அறையில்தான் மாற்ற வேண்டும். வாள், கோல் போன்ற நீளமான பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. படம் எடுப்பவர்கள் ஒதுக்கிய இடத்தில், கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் பயணத்தில் புத்தகம் வாங்குவதையும் காஸ்ப்ளேயையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் உருப்படாது.

திறக்கும்போதும் முடியும்போதும் ஒலிபெருக்கி அறிவிப்புக்கு அரங்கம் முழுக்கக் கை தட்டும். மதியம் போகிறவர்களுக்குத் தொடக்கக் கைதட்டல் கிடைக்காது, நான்கு மணி வரை இருந்தால் முடிவுக் கைதட்டலைக் கேட்கலாம். கூட்டத்தோடு வெளியேற வேண்டியிருக்கும், பரவாயில்லை, ஒரு முறையாவது இருந்து பாருங்கள்.

வாங்க நினைத்தது தீர்ந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். நிறைய சர்க்கிள்கள் அதே புத்தகத்தை மெலான்புக்ஸ், தோரனோஅனா போன்ற கடைகளில் விற்பனைக்குக் கொடுக்கும், பூத் என்ற இணைய விற்பனைத் தளத்திலும் போடும். பழைய புத்தகங்களுக்கு மன்தராக்கே கடை. அதனால்தான் ஒரு நாள் போதும் என்றேன். உங்கள் வாரத்தை இப்படி வையுங்கள்: வந்து இறங்கி இரண்டு நாளாவது ஓய்வும் ஊர் சுற்றலும், பிறகு காமிகெட் ஒரு நாள், அடுத்த நாள் காலை எதுவும் இல்லை, மதியத்துக்கு மேல் அகிஹபராவிலும் இகேபுகுரோவிலும் உள்ள இந்த மாதிரிக் கடைகளில் விட்டதைப் பிடிப்பது. ஆகஸ்ட் புயல் காலமும் கூட. ஊர் திரும்பும் விமானத்தைக் காமிகெட் முடிந்த மறுநாளே வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

நண்பரோடு போகிறீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. இருவர் ரசனையும் ஒன்று என்று நினைத்து ஒட்டிக்கொண்டே திரியாதீர்கள். அரங்கத்துக்கு வெளியே ஓர் இடத்தையும் மணியையும் முடிவு செய்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுங்கள். பிக் சைட்டின் தலைகீழ்ப் பிரமிடுகளுக்குக் கீழே என்று சொல்லிவைத்தால் வேலைக்கு ஆகாது. அதே இடத்தைத்தான் எல்லோரும் சொல்லிவைத்திருப்பார்கள்.